வராதவரின் வாக்கு

2022-இல் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அது இரண்டாவது வருட வேலை. ஒருநாள் இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் எங்கள் லைன் டெக்னீஷியன் அண்ணன் கேன்டீனில் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, மலாய்ல எழுதினதத் தமிழ்லயும் போடுறோம். கொஞ்சம் பார்த்துக் கொடு." வேலைநிறுத்த வாக்கெடுப்புக்கு முன் சங்கம் உறுப்பினர்களுக்கு எழுதிய வேண்டுகோள் அது.

நான் உறுப்பினர் இல்லை. பொறியாளர் நிர்வாகப் பிரிவில் வருவதால் அந்தச் சங்கத்தில் சேர முடியாது. அதே வாரம் மேலாளரும் என்னிடம் ஒரு தாள் கேட்டிருந்தார். இவர்கள் வெளியே போனால் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து இரண்டு லைனையாவது ஓட்டுவதற்கான அட்டவணை.

வேண்டுகோளில் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: 'வாக்களிக்க வராதவன் துரோகி.'

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 40-வது பிரிவு வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்குகிறது. அன்றைய நிலையில் வாக்குரிமையுள்ள மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பெட்டியில் விழுந்த சீட்டில் மூன்றில் இரண்டு பங்கு போதாது. 300 பேர் என்றால் 200 'ஆம்' வேண்டும். வீட்டில் தூங்குகிறவரின் வாக்கும் 'இல்லை' பக்கம்தான் போய்ச் சேரும். ஆனால் சம்பள உயர்வு கிடைத்தால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, கூட்டு ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். தூங்கியவருக்கும் அதே வெள்ளிதான்.

அப்படியென்றால் அவர் துரோகிதானே?

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது. சுடப்பட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வேலையை நிறுத்திய எல்லோரிடமும் சைக்கிள் இருந்திருக்காது. தனக்கு இல்லாத சைக்கிளிலிருந்து இன்னொருவன் இறங்கக் கூடாது என்பதற்காகவும் ஒருவர் கூலியை இழந்திருக்கிறார். 'எனக்கு என்ன கிடைக்கும்' என்ற கணக்கு மட்டும் போட்டால் இது புரியாது.

ஆனால் அன்று லயத்தில் யார் வேலைக்குப் போனார், யார் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நம் வாக்குப்பெட்டி இரகசியமானது. முதலாளியிடமிருந்து மட்டுமல்ல, பக்கத்து மெஷின்காரரிடமிருந்தும் அது என்னை மறைக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைத் துரோகி என்று மிரட்டி வாங்கும் 'ஆம்' எதற்கு உதவும்? அந்த எண்ணிக்கையை நம்பித்தான் மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். 'ஆம்' என்று போட்டுவிட்டு மறுநாள் பஞ்ச் கார்டு அடிப்பவர், நேர்மையாக 'இல்லை' என்று போட்டவரைவிட அதிகக் கெடுதல் செய்கிறார். கார்க் கடனும் படுத்த படுக்கையான அம்மாவும் இருப்பவருக்கு வரும் பயம் துரோகம் ஆகாது. 'ஆம்' என்பது முகம் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. அதன் விலையைச் சொல்லாமல் அதைக் கேட்கக் கூடாது.

அதனால் 'துரோகி'யை அடித்தேன். 'வெற்றி நிச்சயம்' என்பதையும் அடித்தேன். பதிலுக்கு எழுதினேன்: 'நிறுத்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. எவ்வளவு நாள் என்று இப்போது சொல்ல முடியாது. ஆம் என்று போட்டால் எங்களோடு வந்து நில்லுங்கள். முடியாதென்றால் இல்லை என்று போடுங்கள். ஆனால் வாருங்கள்.'

அண்ணன் படித்துவிட்டுச் சொன்னார்: "பயந்தவனுக்கு நீயே கதவத் திறந்து விடுற. ஓட்டு இல்லாதவனுக்கு இப்படி எழுதுறது லேசு தம்பி." ஆனாலும் அப்படியே அச்சடித்தார்கள்.

மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 'இல்லை' என்று போட்டவர்களைவிட வராதவர்கள் அதிகம். பழைய வரியே இருந்திருந்தால் எண்ணிக்கை எட்டியிருக்குமோ என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். எட்டியிருக்கலாம். கேட்டுக்கு வெளியே எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

அந்த அட்டவணையை நான் தயாரிக்கவில்லை. பயிற்சி இல்லாதவர்களை வைத்து லைனை ஓட்டுவது ஆபத்து என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அது உண்மைதான். ஆனால் இவர்களுடைய இடத்தில் வேறு ஆளை நிறுத்த எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. அதை எழுதவில்லை. 'இல்லை' என்றால் இல்லை என்று போடுங்கள் என்று மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன், தன் முறை வந்தபோது பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்த வாக்கெடுப்பில் வராதவர்களைக் கணக்கெடுத்தால் என்னையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.