வெற்றோடு எனப்படுவது யாது?

கோடையில் அனந்தபுரம் முதலிய செஞ்சிச் சுற்றூர்களின் ஏரிகள் வற்றுங்கால், வெடித்த சேற்றின்மீது நத்தையோடுகளும் மட்டியோடுகளும் வெளுத்துக் கிடக்கக் காண்கிறோம். உயிர் நீங்கிய ஓடுதானே, அள்ளிச் சுண்ணாம்பு சுட்டால் கொலைப்பாவம் ஏது எனச் சிலர் வினவலாம். எளிதாகத் தோன்றும் இவ்வினாவை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

சங்கு, சிப்பி, நத்தை ஆகியவற்றை நம் ஆகமங்கள் ஈரறிவுயிர் என்கின்றன. தொல்காப்பியமும் நந்தினை அவ்வாறே வகுக்கிறது. இவ்வுயிர் நீரிலும் உணவிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன் ஓட்டைக் கட்டுகிறது. ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்பே. எஞ்சிய சிறுபகுதி அதனைப் பிணைக்கும் புரதம் முதலியன. மேலே மெல்லிய தோல் ஒன்று போர்த்திக் காக்கிறது.

அத்தோல் தேய்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் குடிபுகுகின்றன. நீலப்பச்சைப் பாசிகளும் பூஞ்சைகளும் மயிரினும் மெல்லிய இழைகளாய் ஓட்டைத் துளைக்கின்றன. பாக்டீரியாக்கள் பிணைப்புப் புரதத்தை உண்கின்றன. அவை வெளியிடும் கரியமிலவாயு நீரில் கலந்து அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. உயிருள்ள மட்டியிலும் இவ்வரிப்பு உண்டு. ஓட்டின் மிகப் பழைய பகுதியாகிய முகடு அரிக்கப்படுகையில், உள்ளிருக்கும் உயிர் உட்புறத்தே புதிய அடுக்குகளைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. இறந்தபின் காப்பாரின்றி ஓடு மெல்லக் கரைகிறது. அதன் சுண்ணாம்பு நீரைச் சேர்கிறது. பின்வரும் நத்தைக்கு அதுவே ஓடாகலாம்.

ஆகவே வெற்றோடு வெறுமையன்று. ஓரறிவுயிர்கள் பலவற்றின் இல்லம். அந்நுண்ணுயிர்களும் ஓட்டை அழிக்கின்றனவே, நாம் அழித்தால் என்ன எனக் கேட்கலாம். அவை மனமற்றவை, தம் உணவையே தேடுகின்றன. நமக்கோ நன்மை தீமை ஆராயும் மனம் உண்டு. கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது.

ஈண்டுக் கவனமின்மைக்குப் பெரிதும் இடமுண்டு. வற்றிய ஏரியில் சில நத்தைகள் வாய்மூடியை இறுக அடைத்துக்கொண்டு, சேற்றினுள் மாதக்கணக்கில் அசைவற்று மழைக்குக் காத்திருக்கும். காண்பார்க்கு அவையும் வெற்றோடுகளே. அள்ளுவோர் பிரித்தறியாவிடின், மழையை நோக்கியிருந்த உயிர் சூளையில் வேகும். சுடுபவர் பிறராயினும், அறிந்தே அதனை வாங்கி நாம் சுவருக்கு வெள்ளையடிப்போமாயின், செய்வித்தலும் உடன்படுதலும் நம்மைச் சாராதொழியுமோ?

கல்லைச் சுட்டாலும் நிலவுயிர்க்கும் தீயுயிர்க்கும் ஊறு உண்டே எனின், மெய்தான். இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரின் ஊறு முற்றும் தவிர்க்க இயலாதது. அதனைக் குறைத்தலே கூடும். ஆயின் ஈரறிவு முதலாகிய இயங்குயிர்களை வேண்டுமென்றே கொல்லாமை அணுவிரதத்தின் முதற்படி. எனவே கல்சுண்ணாம்பு கிடைக்குமிடத்தில் ஓட்டுச் சுண்ணாம்பை விலக்குதல் நமக்குக் கடினமன்று.

நீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய உயிர்களை அந்நீர் எடுத்த கிணற்றிலேயே சேர்க்கும் வழக்கத்தை நம் முன்னோர் நமக்கு அளித்துள்ளனர். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் அதன் இடத்தைத் திருப்பித் தரும் அறம் அது. ஏரியில் கிடக்கும் ஓட்டை ஏரிக்கே விடுதலும் அவ்வறத்தின்பாற்பட்டதே. அடுத்த கோடையில் ஏரிக்கரையில் நம் குழந்தை ஓர் ஓட்டை எடுத்து நீட்டினால், அதன் வாய் திறந்துள்ளதா, மூடியுள்ளதா என முதலில் பார்க்கக் கற்பிப்போமாக.