உரிமையும் அறமும்

ஒரு கருமத்தைச் செய்ய ஒருவனுக்கு உரிமை உண்டா என்னும் வினாவும், அக்கருமம் செய்யத்தக்கதா என்னும் வினாவும் தம்முள் வேறானவை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் நீதியினும் வழுவுவர், கருணையினும் வழுவுவர். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டு வேட்டைச் சட்டமொன்றை உதாரணமாகக் காட்டுவாம்.

அந்நாட்டு மாகாணங்கள் பலவற்றிலே மான்வேட்டைக்கு வில்லுக்கொரு பருவமும் துப்பாக்கிக்கொரு பருவமும் வகுக்கப்பட்டுள்ளன. விஸ்கொன்சின் மாகாணத்திலே துப்பாக்கிக்குரிய பிரதான பருவம் நவம்பர் மாதத்தில் 9 நாள். விற்பருவமோ செப்டெம்பர் நடுப்பகுதி தொடங்கிப் பல மாதம் நீள்வது. கைவில்லை வளைத்து, வளைத்தபடியே நிறுத்திக் குறிபார்த்தற்குத் தோள்வலி வேண்டும். குறுக்குவில்லிலோ இழுத்த நாணை ஒரு கொளுவி பற்றிநிற்கும். விசையை அழுத்தியவுடன் கணை செல்லும். இஃது எளிய கருவியென்று கைவில் வேட்டுவர் பலர் அதனை விற்பருவத்தில் ஒப்பாராயினர். ஆதலாற் பல மாகாணங்கள் வைத்தியருடைய அத்தாட்சி பெற்ற அங்கவீனர்க்கே அதற்கு அநுமதிப் பத்திரம் வழங்கின. பின்னர்ப் பென்சில்வேனியா 2009 இலும், விஸ்கொன்சின் 2014 இலும் அதனை ஏனையோர்க்கும் பொதுவாக்கின.

கொலை பாவமாதலின் அங்கவீனர்க்கு அநுமதி மறுத்தலே ஜீவகாருண்ணியம் என்று நம்மவருட் சிலர் கூறுதல் கூடும். அது பொருந்தாது. வலியவன் கையில் வில்லை இருக்கவிட்டு மெலியவன் கையை மாத்திரம் தடுத்தல் மானுக்கு இரங்குதலன்று. அறத்தின் சுமையை எளியவன் தலையில் ஏற்றுதலேயாம். அன்றியும், கொல்ல இயலாமையாற் கொல்லாதிருத்தல் விரதமாகாது. கொல்ல வல்லவன் கொல்லாதொழிதலே விரதமாம்.

இனி, அங்கவீனர்க்கு உதவுதலால் அவ்வேட்டையும் புண்ணியமாம் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. எய்தவன் தோள் பழுதுடையதாயின் மானின் நோவு குறையுமா? பெரிய பிரித்தானியாவில் 1981 ஆம் வருஷத்துச் சட்டம் வில்லாலேனும் குறுக்குவில்லாலேனும் காட்டு விலங்கைக் கொல்லுதலை விலக்கிற்று. வலியவர் மெலியவர் என்னும் வேற்றுமை அவ்விலக்கில் இல்லை. விலக்கினும் ஒப்ப விலக்குக. விடுப்பினும் ஒப்ப விடுக்க. இதுவே நீதி.

பிறவிக் குருடராகிய தண்டியடிகணாயனார் திருவாரூர்க் குளத்தைத் தோண்டப் புகுந்தபொழுது, குளத்தினுள்ளும் கரையிலும் தறி நாட்டிக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். சமணர் அவரை இகழ்ந்தனர். அக்கயிறு அவர்க்கு இழிவாயிற்றா? இல்லை. கயிறும் குறுக்குவில்லும் குறையை நிரப்புங் கருவியென்னும் அளவில் ஒன்றே. ஒன்று திருப்பணிக்காயிற்று, மற்றது கொலைக்காயிற்று. இவ்வேற்றுமை கருவியினாலாயதன்று, கருமத்தினாலாயது.

ஆசிரியர்காள்! நும் வகுப்பிலே கையேனும் கண்ணேனும் குறைந்த பிள்ளை இருப்பின், அப்பிள்ளைக்கு வேண்டுங் கருவியைத் தயையென்று எண்ணாது உரிமையென்றே கொடுமின். கொடுத்தபின் எது செய்யத்தக்கது, எது தகாதது என்பதை ஏனைய பிள்ளைகட்குப்போலவே அதற்கும் குறைவறப் போதிமின். ஊனங் கருதி உரிமையைக் குறைத்தலும் ஊனங் கருதி அறத்தைத் தளர்த்தலும் ஒருங்கே அப்பிள்ளையை அவமதித்தலாம்.