சிவப்பு டிராகனின் குற்றம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஒரு டிராகன் நல்லதா கெட்டதா என்று அறிய அதன் செதிலின் நிறத்தைப் பார்த்தால் போதும். அடுத்தடுத்து வந்த கையேடுகளில் அந்தப் பட்டியல் விரிந்தது. சிவப்பு டிராகன் மலைகளில் குடியிருக்கும். கர்வமும் பேராசையும் கொண்டது. தன் புதையலில் ஒரு காசு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். பச்சை காட்டில் மறைந்திருந்து ஆசைகாட்டி மோசம் செய்யும். கறுப்பு சதுப்பு நிலத்தில் வாழும், கொடூரமானது. நீலம் பாலைவனத்தில் தற்பெருமையோடு திரியும். வெள்ளை பனிப் பிரதேசத்தில், அறிவு குன்றி, மிருகத்துக்கு நெருக்கமாக இருக்கும். இந்த ஐந்தும் தீயவை. பொன், வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளை ஆகிய ஐந்தும் நல்லவை. பொன் டிராகன் நீதியை நாடும். வெள்ளி மனித உருவெடுத்து மனிதரோடு பழகும். வெண்கலம் கொடுங்கோன்மையைப் பொறுக்காது. செம்புக்கு விடுகதையும் கேலியும் பிடிக்கும். பித்தளைக்குப் பேச்சுத் துணை கிடைத்தால் போதும். தீயவற்றுக்குத் தலைவியாகத் தியாமத், நல்லவற்றுக்குத் தலைவனாகப் பஹாமுத். பாபிலோனியப் படைப்புக் காவியத்திலிருந்து ஒரு பெயரும், பூமியைத் தாங்கும் பெருமீனைப் பற்றிய அரபு மரபிலிருந்து மற்றொன்றும் எடுக்கப்பட்டன. பல தலைமுறை வாசகர்களும் ஆட்டக்காரர்களும் விரும்பி ஏற்ற இந்தப் பட்டியல், சமயங்கள் நீண்ட காலமாகப் போராடிவரும் ஒரு கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறது. ஓர் உயிர் பிறப்பிலேயே தீயதாக இருக்க முடியுமா? முடியும் என்கிறது பட்டியல். முடியாது என்பது என் வாதம். அதற்கான சான்று அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

வெள்ளம் ஊரை அழித்தால் அதைப் பாவி என்று யாரும் சொல்வதில்லை. புலி ஆளைக் கொன்றால் அதைப் பிடிக்கிறோம், சுடவும் செய்கிறோம். ஆனால் அதன்மேல் அறக்குற்றம் சாட்டுவதில்லை. தன் செயலுக்குக் காரணம் சொல்லவும், பிறர் சொல்லும் காரணத்தைக் கேட்டு மனம் மாறவும் முடிந்த உயிரைத்தான் தீயது என்று சொல்ல முடியும். சிவப்பு டிராகன் அப்படிப்பட்ட உயிர்தான். அது பேசுகிறது, பேரம் பேசுகிறது, அவமானத்தை நினைவில் வைக்கிறது, சதிக்கு எதிர்ச்சதி தீட்டுகிறது. இவ்வளவும் தெரிந்த உயிர் இரக்கம் காட்டுவதா வேண்டாமா என்றும் யோசிக்கக்கூடியதே. அந்த யோசனை அதற்கு மூடப்பட்டிருக்கிறது என்றால், அது செய்வது தீமை என்ற நிலையிலிருந்து இறங்கி வெறும் ஆபத்தாகிவிடும். பட்டியலோ இரண்டையும் ஒருசேரக் கேட்கிறது: டிராகனுக்கு வேறு வழியும் இருக்கக் கூடாது, அதே சமயம் அது குற்றவாளியாகவும் இருக்க வேண்டும். இதில் வெள்ளை டிராகனுக்குத்தான் பெரிய அநியாயம். அறிவு குறைந்தது என்று சொல்லிவிட்டு, அறிவிற் சிறந்த சிவப்போடு அதே தீயோர் வரிசையில் அதையும் நிறுத்துகிறார்கள்.

மேற்குலகில் டிராகனுக்குத் தீமையின் முகம் வந்ததில் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்குண்டு. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் பெரிய வலுசர்ப்பமும் சாத்தானும் ஒருவரே. ஆனால் அதே கிறிஸ்தவத்தின் இறையியல், சாத்தானைக்கூடப் பிறவித் தீயவன் என்று சொல்ல மறுத்தது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பிசாசும் அதன் கூட்டமும் இறைவனால் இயல்பில் நல்லவையாகவே படைக்கப்பட்டு, பிறகு தாமாகவே தீயவை ஆயின என்று வரையறுத்தது. நல்லதற்கு ஒரு மூலம், தீயதற்கு ஒரு மூலம் என்ற இருமைக் கொள்கைக்கு எதிராகச் சொல்லப்பட்டது அது. அந்தக் கொள்கையின் மானிக்கேய வடிவத்தில் இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்து வெளியேறியவர் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின். தீமைக்குத் தனிப் பொருளே இல்லை, நன்மையின் குறைவுதான் தீமை என்ற முடிவுக்கு அவர் வந்ததற்கு அந்த அனுபவமும் காரணம். ஆக, தியாமத்தும் பஹாமுத்தும் உலகைப் பங்கிட்டுக்கொள்ளும் கற்பனை, கிறிஸ்தவ ஐரோப்பாவின் உடையை அணிந்திருந்தாலும் உள்ளே அந்த மானிக்கேயத்துக்கே நெருக்கமானது. கற்பனைக் கதைகள் எழுதிய தோல்கீன் இதை நன்றாக உணர்ந்திருந்தார். தீய சக்தியால் எதையும் புதிதாகப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது அவர் கத்தோலிக்க மனத்தில் ஊறிய நம்பிக்கை. அதனால்தான் தம் கதைகளில் தீயோரின் படையாகப் படைத்த ஓர்க்குகள் மீட்கவே முடியாத இனமா என்ற கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை. விடைகளை எழுதி எழுதி மாற்றிக்கொண்டிருந்தார். பட்டியல் போடுகிறவருக்கு இந்தத் தவிப்பு இல்லை என்பதே எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

சிவப்புக்கு அநீதி நடக்கிறது என்று எளிதில் ஒப்புக்கொள்பவர்களும் பொன்னுக்கு நடப்பதைக் கவனிப்பதில்லை. கல் இயல்பாகக் கீழே விழுவது. அதைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே செல்லப் பழகாது என்று அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ இரண்டாம் நூலில் வாதிக்கிறார். நற்பண்பு அப்படிப்பட்ட இயல்பு அன்று. நியாயமான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நியாயவான் ஆகிறார் என்பது அவர் முடிவு. முட்டையிலிருந்து வரும்போதே நீதியோடு வரும் பொன் டிராகன் கல் கீழே விழுவதைப் போலத்தான் நன்மை செய்கிறது. அது ஒரு கிராமத்தைக் காப்பாற்றினால் நன்றி சொல்லலாமா? சொன்னால் யாருக்கு? வேறு விதமாக நடந்திருக்க முடியாத உயிரின் கருணையில் கருணை என்று சொல்லத்தக்கது என்ன இருக்கிறது? நல்லவர் என்று நாம் ஒருவரை மதிப்பது, அவர் விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய இடத்தில் நின்றதற்காக. அந்த வாய்ப்பைப் பறித்ததும் நல்ல டிராகனின் நன்மையும் கூடவே போய்விடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிறவிக் குணம் என்று ஒன்று இல்லையா? உடன்பிறந்த இருவரில் ஒருவருக்குக் கோபம் சட்டென்று வருகிறது, மற்றவர் நிதானமாக இருக்கிறார். இதை யார் மறுக்க முடியும்? நானும் மறுக்கவில்லை. சிவப்புக்குச் சினம் விரைந்து வரும், பித்தளைக்கு வாய் ஓயாது என்பவற்றை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இவை சுபாவம் மட்டுமே. சுபாவத்தை வைத்துக்கொண்டு ஓர் உயிர் என்னவாக ஆகிறது என்பது வேறு விஷயம். பட்டியல் இரண்டையும் குழப்புகிறது என்பதற்குப் புதையலைப் பார்த்தால் போதும். பொன் சேர்த்துவைப்பது சிவப்பு டிராகனின் பழக்கம் மட்டும் அல்ல. உலோக டிராகன்களும் குவித்து வைக்கின்றன. அதே ஆசை சிவப்பிடம் பேராசை, வெள்ளியிடம் ரசனை. செம்பு டிராகனின் கேலியும் அப்படித்தான்: எதிரில் இருப்பவரை நோகடிக்கக்கூடிய அதே குணம் நல்லோர் வரிசையில் இருப்பதால் விளையாட்டுத்தனமாகிவிடுகிறது. முடிவை முன்பே எழுதிவைத்துவிட்டு, குணங்களைப் பிறகு அதற்கேற்பப் படித்திருக்கிறார்கள்.

விளையாட்டுக்கு இவ்வளவு கேள்வி எதற்கு, தயங்காமல் வெட்டிச் சாய்க்க ஓர் அரக்கன் தேவை, அவ்வளவுதானே என்று சிலர் சொல்லக்கூடும். கதையில் எதிரி தேவை என்பது சரி. ஆனால் எதிரியைப் பிறப்பால் வரையறுக்கும் வாதமுறை கதைக்குள் மட்டும் இருந்ததில்லை. 1871-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், முழுச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. அது 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்கீழ்ப் பதிவு செய்ய மறுத்து எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. விளையாடுகிறவர்களை அந்தச் சட்டம் செய்தவர்களோடு சேர்ப்பது என் நோக்கம் அல்ல. பிறந்த இனத்தைப் பார்த்துக் குற்றத்தை முடிவு செய்யும் தர்க்கத்துக்கு நம் மனம் எவ்வளவு லேசாக இணங்குகிறது என்பதே எனக்குக் கவலை.

சமயத்தின் உள்ளிருந்தே எழும் மறுப்பு இதைவிடக் கனமானது. கர்மத்தை நம்பும் மரபுகளில் பிறப்பு என்பது தற்செயல் இல்லை. அது எல்லையும் போடுகிறது. பௌத்த விநயத்தின் மகாவக்கத்தில், தன் நாகப் பிறவியை வெறுத்த நாகம் ஒன்று இளைஞனாக உருவெடுத்துத் துறவு பெறுகிறது. உறங்கும்போது பழைய உரு வெளிப்பட்டு, அறை முழுவதும் பாம்புடலாக நிறைகிறது. இந்தத் தம்மத்தில் நாகங்களால் வளர முடியாது என்று புத்தர் அதை அனுப்பிவிடுகிறார். துறவு பெற வருபவரிடம் நீ மனிதன்தானா என்று கேட்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தாய்லாந்தில் துறவுக்குத் தயாராகும் இளைஞரை நாகம் என்றே அழைக்கிறார்கள். பிறப்பு கதவை மூடிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பட்சந்தோறும் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாட்களில் உபோசத விரதம் காத்தால் விரைவில் மனிதப் பிறவி கிட்டும் என்று புத்தர் அந்த நாகத்துக்கு வழி சொல்கிறார். கடைப்பிடிக்க முடிந்தவரிடம்தான் விரதம் காக்கச் சொல்ல முடியும். அந்தப் பிறவியால் நாகத்துக்குத் துறவு மட்டுமே மறுக்கப்படுகிறது. நல்லது செய்யும் ஆற்றல் மறுக்கப்படவில்லை. தாமரைச் சூத்திரம் இன்னும் தூரம் போகிறது. அதில் நாகராஜனின் எட்டு வயது மகள், புத்தரின் சீடர் சாரிபுத்திரரின் ஐயத்துக்கு எதிரிலேயே புத்தநிலை அடைகிறாள். சீனத்திலும் ஜப்பானிலும் அவள் டிராகன் அரசனின் மகளாகவே அறியப்படுகிறாள். புராணத்துப் பிரகலாதன் அசுரனாகப் பிறந்தவன். பக்தன் ஆனபின்பும் அசுரர்களின் அரசனாகவே இருந்தான். இனம் மாறித்தான் நல்லவன் ஆக வேண்டும் என்ற நிபந்தனை அவனுக்கு இல்லை.

இந்த விளையாட்டுக்காகவே 2004-இல் வெளிவந்த எபெரான் என்ற கற்பனை உலகில் கீத் பேக்கர், நிறத்துக்கும் அறத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அங்கே சிவப்பு நல்லதாகவும் பொன் கெட்டதாகவும் இருக்கலாம். அப்படி அவிழ்த்தால் யாரையும் எதிர்க்கவே முடியாது என்ற அச்சம் தேவையற்றது. ஊரை எரிக்கும் டிராகனைத் தடுக்க அது பிறவித் தீயது என்று நிரூபிக்கத் தேவையில்லை, அது எரிக்கிறது என்பதே போதும். புலியைத் தடுக்க உள்ள உரிமை இங்கும் உண்டு. அதற்கு மேலாக, காரணம் கேட்டும் கேளாத டிராகன்மீது கண்டனமும் உண்டு. ஆனால் அதைக் கொன்றபின் குகைக்குள் நுழையும் வீரர்கள் அங்கே சிவப்பு முட்டைகளைப் பார்க்கும்போது, அந்த உரிமை அவர்களோடு உள்ளே வருவதில்லை. அந்த முட்டைகள் இன்னும் எதையும் எரிக்கவில்லை, யாருடைய காரணத்தையும் கேட்டு மறுக்கவில்லை. அவற்றை உடைப்பதற்கு வீரர்களிடம் இருப்பது நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.