ஏழாவதாக இறங்கியவர்

உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறாரா? அதையே சொல்லிச் சொல்லி இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறீர்கள்? கிரிக்கெட் விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள்.

2004 செப்டம்பர், லார்ட்ஸ் மைதானம். பத்தொன்பது வயதுச் சென்னைப் பையன் முதல் ஒருநாள் போட்டியிலேயே மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்கிறார். நவம்பரில் டெஸ்ட் தொப்பி. டிசம்பரில் ராஞ்சியிலிருந்து வந்து இறங்கினார் இன்னொரு விக்கெட் கீப்பர், தோனி. முடிந்தது கதை என்றுதானே நீங்களும் நானும் நினைத்திருப்போம்?

கார்த்திக் நினைக்கவில்லை. கிளவுஸ் இல்லையா, மட்டையோடு வருகிறேன் என்று தொடக்க ஆட்டக்காரராக நின்றார். 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் இந்தியர்களில் அதிக ரன் அவருடையது! அப்படியும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆடக் கிடைத்தது 2018 ஜூனில். அதுவும் விக்கெட் கீப்பர் சாஹா காயம்பட்டதால். இடையில் தமிழ்நாட்டுக்காக ஆடிக்கொண்டே இருந்தார். 2017 விஜய் ஹசாரே கோப்பை இறுதியாட்டத்தில் சதம் அடித்தார். யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் பார்க்காதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள்!

2018 மார்ச், கொழும்பு. வங்கதேசத்தோடு நிதாஹாஸ் கோப்பை இறுதியாட்டம். தனக்கு முன்னால் விஜய் சங்கரை அனுப்பியதில் அவருக்கு வருத்தம். இருக்காதா பின்னே? ஏழாவதாக இறங்கும்போது 12 பந்தில் 34 ரன் வேண்டும். ரூபல் ஹொசைன் வீசிய முதல் பந்து சிக்ஸர், அடுத்தது பவுண்டரி, அதற்கடுத்தது மறுபடி சிக்ஸர். வருத்தத்தை எங்கே இறக்கிவைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்! கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. சௌம்ய சர்க்கார் வீச, எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே தட்டையாகப் பறந்தது சிக்ஸர். 8 பந்தில் 29. அந்த எட்டுப் பந்துக்குப் பின்னால் பதினான்கு வருடப் பயிற்சி இருந்தது; அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன்.

தோற்கவே இல்லையா? 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் 25 பந்தில் 6 ரன். அதன்பின் வர்ணனையாளர் மைக்கும் கைக்கு வந்தது. நல்ல வேலை, நல்ல பெயர். அதோடு ஒதுங்கியிருக்கலாம். மட்டையை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை. 2022 ஐபிஎல்லில் பெங்களூருக்காக வெளுத்துக்கட்டி, 37 வயதில் மறுபடி இந்திய ஜெர்சி போட்டார்.

2006இல் இந்தியா ஆடிய முதல் டி20 ஆட்டத்தின் ஆட்டநாயகன் அவர். அந்த வடிவத்தில் இந்தியாவுக்காக முதல் அரைசதம் அடித்தது 2022 ஜூன், ராஜ்கோட்டில். உங்களுக்கு ஆறு மாதமே நீளமாகத் தெரிகிறதா?