பாஞ்சாலி சிரித்தாளா?

நாகர்கோவிலில் உள்ள வடசேரிக்குப் போயிருக்கிறீர்களா, தோழியரே? சுவாமி விக்கிரகங்களுக்குச் சாற்றவும், பரதநாட்டியக் கலைஞர்கள் அணியவும் கல் பதித்த நகைகள் செய்யும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகைகள் அவை!

அங்கே ஒரு பட்டறை வாசலில் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் ஆச்சியும் பேத்தியும். எதற்கோ கலகலவென்று சிரித்தாள் அந்தச் சிறுமி.

''இப்பிடிச் சிரிக்கப்பிடாது மக்ளே... பாஞ்சாலி சிரிச்சதுனாலதானே பாரதப் போரே வந்துது!'' என்றார் ஆச்சி.

சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. என் மனம்தான் அடங்கவில்லை.

ஆச்சி சொன்ன காட்சி நமக்கும் தெரிந்ததுதான். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் வந்த பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்' தொடரில், தண்ணீரைத் தரையென்று நினைத்து விழுகிறான் துரியோதனன். அதைப் பார்த்துச் சிரிக்கும் திரௌபதி, தந்தையைப் போலவே மகனுக்கும் பார்வையில்லை என்று கேலி பேசுகிறாள். 2020 ஊரடங்கில் அந்தத் தொடர் மறுபடியும் ஒளிபரப்பானது.

வியாசர் என்ன சொல்கிறார்? புணே பண்டார்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பில், சபா பர்வத்தைப் பாருங்கள். துரியோதனன் விழும்போது சிரிப்பவர்கள் பீமனும், தம்பியரும், பணியாட்களும்தான். திரௌபதியின் பெயரே அங்கு இல்லை! பிறகு தந்தையிடம் புகார் சொல்லும் துரியோதனன்தான், அவளும் பெண்களோடு சேர்ந்து சிரித்ததாகச் சொல்கிறான். அந்தக் குருட்டுக் கேலியோ, அவன் புகாரில்கூட இல்லை. சகுனியிடம் அவன் மனம்விட்டுச் சொல்லும் காரணமும் வேறு. தர்மரின் செல்வத்தைக் கண்டு பொறாமையில் வேகிறானாம்!

அப்படியானால், மூலக்கதையை மாற்றுவதே பாவமா? இல்லை. கம்பரும் மாற்றியிருக்கிறார். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ, தாயாரை அவன் தீண்டுவதைப் பொறாமல், பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். அதனால் ராவணனின் குற்றம் ஓர் இம்மியும் குறையவில்லை. சீதையின் துயரமும் மாறவில்லை.

பாஞ்சாலியின் சிரிப்பு அப்படியா? பொறாமையால் சூதாட்டத்துக்கு அழைத்தவன், சபையில் ஒரு பெண்ணை இழுத்துவரச் செய்தவன், ஒரே காட்சியில் 'அவமானப்பட்டவன்' ஆகிவிடுகிறான். அடிபட்டவளே அடிக்குக் காரணமாகிறாள்! இதைச் சின்னத்திரை மட்டும் செய்யவில்லை. கூத்திலும் வாய்மொழிக் கதையிலும் முன்பே அவள் சிரித்ததுண்டு. ஆனால், வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது சின்னத்திரை.

வடசேரி நகையை அம்மனுக்கு எத்தனை விதமாகவும் சாற்றலாம். அவள் கையின் அபய முத்திரையை மாற்றலாமா? அலங்காரம் வேறு, திருமேனி வேறு அல்லவா?

'பொம்பளை சிரிச்சா போச்சு' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். அதற்குச் சாட்சியாக, பாவம், பாஞ்சாலியை அழைக்கிறோம்!

பெரியவர் என்பதால் அன்று ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குழந்தையின் வாடிய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது, பக்கத்தில் உங்கள் மகளோ பேத்தியோ இருந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள்... ''போர் வந்தது சிரிப்பால் இல்லை, கண்ணே. பொறாமையால்!''