கேட்டும் கிடைக்காதபோது

இலங்கையின் மாத்தளை மலைத் தோட்டங்களில், கம்மடுவையிலோ எல்கடுவையிலோ தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வீட்டில், சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்க அரிசி முடிந்துவிட்ட நேரத்தில், அந்த வீட்டம்மா "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொன்னால் அது விசுவாசம். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்ட ஒருவர் அதையே மேடையிலிருந்து அவளுக்குச் சொன்னால், அது பெரும்பாலும் கைகழுவல். கடவுளை நம்பிப் பொறுத்திருப்பேன் என்று சொல்லும் உரிமை பசித்தவருக்கே உண்டு. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பறித்து அவருக்கே உபதேசமாக்குவது பழைய வழக்கம். மாத்தளைக்கு மிகப் பழைய வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தை வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தார்கள். அவர்கள் முதலில் எட்டிய மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களிடையே ஊழியம் செய்ய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். செலவில் ஒரு பங்கைத் தோட்டத் துரைமார் கொடுத்தார்கள். உபதேசிமாரின் உழைப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் துரை தந்த பணத்தில் நடக்கும் பிரசங்கம், கங்காணியின் துண்டுச் சீட்டில் எழுதி, தொழிலாளியைக் கட்டிப்போட்ட கடனைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கும்? அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. பிரசங்கம் அதை ஒழிக்கவில்லை.

வேதாகமம் இந்த விஷயத்தில் நம்முடைய மேடைகளைவிட நேர்மையானது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை நல்லவர்கள். வாய் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது வருமா என்று கடவுளுக்காக வழக்காடத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கடிந்துகொண்டது அவர்களை. தம்மோடே மல்லுக்கு நின்ற யோபுதான் சரியாகப் பேசினான் என்று அவர் தீர்த்தார். பவுல் தன் சரீரத்து முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். கிருபை கிடைத்தது, முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசு வேண்டிக்கொண்டபடி பாத்திரம் நீங்கவும் இல்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபம் விசுவாச வீரரை வரிசையாகச் சொல்லிவந்து, வாக்குப்பண்ணப்பட்டதைப் பெறாமலே மரித்தார்கள் என்று பதிவு செய்கிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். வருடப்பிறப்பு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அந்தப் புலம்பல் ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு? அது பானையை நிரப்பாது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தன் இல்லாமையைக் கடவுளின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மனிதருக்கு அது பலம் கொடுக்கிறது. கொழுந்து நிறை குறைந்தது என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால், அது கணக்கப்பிள்ளையின் தீர்ப்பு. கர்த்தர் உனக்கு அரைப்பேர் போடவில்லை. இது தெளிவாகிவிட்டால் எதை யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாகும். கூலியைக் கம்பனியிடமும் காணியை அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். அதற்குச் சோர்ந்துபோகாத மனத்தைக் கடவுளிடம் கேட்க வேண்டும். இவற்றைக் குழப்பிக் கூலியையும் ஜெபத்திலேயே கேட்டுக்கொள்ளச் சொல்வது கம்பனிக்கு வசதி. அறுவடை செய்தவனுக்குப் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது அந்த வசதியைக் கெடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

1973, 74இல் அரிசிப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற சமூக அமைப்பைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அந்த நாள்களில் மக்களுக்குப் பொறுமை போதித்துக்கொண்டிருக்கவில்லை. தோட்டப் பகுதிகளில் வேலை செய்த அமைப்புகளை ஒன்றாகக் கூட்டியவர்களில் அவர் முன்நின்றார்.

2023இல் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டை நினைத்து, முன்னோர் வந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் முன்நின்றது. மலையகத்தாரில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மை. நடந்தவர்கள் அதையெல்லாம் எண்ணிப் பார்த்து நடக்கவில்லை. காணி, வீடு, நியாயமான சம்பளம், நாட்டின் மற்றக் குடிகளுக்குச் சமமான இடம் என்று கேட்டார்கள். 1854இல் தொடங்கிய மிஷனின் வாரிசுகள் இந்த முறை பசித்தவரோடு ஒரே வெயிலில் நடந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. பல வருடம் கேட்டுக் கேட்டு 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024இல் 1350 ஆனபோது, 2022இன் நெருக்கடிக்குப் பிந்திய கடை விலை அதை எப்போதோ தாண்டியிருந்தது. பிறந்த லயத்து அறையிலேயே, சொந்தக் காணிக்காக ஜெபித்தபடி மரித்த கிழவர்கள் உண்டு. அவர்களுடைய விசுவாசம் குறைவுபட்டது என்று யாராவது சொன்னால், யோபுவின் நண்பர்களுக்குக் கிடைத்த கடிதல்தான் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

சபைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதுவும் திருநெல்வேலிச் சபைகளின் வழக்கமே. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும் முன், அதே லயத்தில் அன்று அடுப்பெரியாத வீட்டுக்குப் போகட்டும். குருவானவரிடம் கேட்கவும் வேண்டாம்.