மரியாதை என்னுஞ் சொல்

சிறார்க்கு மரியாதை என்பதை விளக்கப் புகுவோர் எழுந்து நிற்றல், கைகூப்பல் முதலிய செயல்களைக் காட்டி அமைகின்றனர். அச்சொல் வடமொழியினின்று வந்தது. எல்லை, கரை என்பன அதன் பழம்பொருள்கள். மதிப்பு என்னுந் தமிழ்ச்சொல்லோ அளவிட்டறிதலையுங் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இடர்ப்பாடு.

என்பாற் பாடங்கேட்குஞ் சிறுவனொருவன், “ஐயா, பொய் சொல்லும் பெரியவரையும் மதித்தல் வேண்டுமோ?” என்றான். சிறிதுநேரம் வாளாவிருந்தேன். பின்பு, “தம்பி, மதித்தல் அறிவின் தொழில், பொய்யை மெய்யென மதித்தல் ஆகாது. மரியாதையோ நின் நாவிற்குரிய கரை, அவர் தமது கரையைக் கடந்தாரென்று நீயும் நினதைக் கடவாதே” என்றேன்.

அவன் விட்டானில்லை. “பெரியோர்க்கும் அக்கரை உண்டோ?”

உண்டென்றேன். முந்தினநாள் பதிகம் மறந்தமைக்காக அவனைப் பலர்முன் யான் இகழ்ந்துரைத்தது அப்பொழுதே நினைவில் எழுந்தது. அவனுக்கும் எழுந்திருத்தல் வேண்டும், தலைகுனிந்து நின்றான். பிழை எனதென்று அவனிடங் கூறினேன்.